57 வயதில் சர்ஃபிங், 58-இல் கையால் செய்த மரப்பலகை: என் அனுபவமும் சில சந்தேகங்களும்

பேட்டர்ன்காரன்_கோவை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

31 வருடம் கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்தவன் நான். பம்ப் கேசிங், வால்வு பாடி, மோட்டார் மூடி என்று எது வார்ப்பாக வந்தாலும் அதன் முதல் உருவத்தைத் தேக்கில் செதுக்கித் தருவது எங்கள் வேலை. வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ. கூட்டிக் கோடு போட்ட தனி ஸ்கேல் வைத்திருப்போம். அந்த ஸ்கேலைத்தான் என் வாழ்க்கையில் அதிக நேரம் கையில் பிடித்திருக்கிறேன். பட்டறையை மூடிய பிறகு கேளம்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். ஒன்றரை மாதம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஒரு நாள் காலை நடைக்குக் கோவளம் கடற்கரைக்குப் போனேன். பையன்கள் அலையில் நின்றுகொண்டு வருவதைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது வேறு. மணலில் ஒரு போர்டு மல்லாந்து கிடந்தது. அதன் அடிப்பக்கம் முன்னால் லேசாகக் குழிந்து, நடுவில் தட்டையாகி, பின்னால் படகின் அடி மாதிரி மெல்ல முகடு எடுத்திருந்தது. விளிம்பு முன்பாதியில் உருண்டை, வாலை நெருங்க நெருங்கக் கூர்மை. ஒரே துண்டில் இத்தனை வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைகிற பொருளை நான் செய்ததே இல்லை. குந்தி உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பையன் கரைக்கு வந்து, "என்ன ஐயா, கத்துக்கிறீங்களா?" என்று கேட்டான். மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

நீச்சல் தெரியும், ஆனால் கிணற்று நீச்சல். சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் மேலிருந்து குதித்துப் பழகியது. கிணற்றுத் தண்ணீர் நம்மை ஒன்றும் செய்யாது. கடல் அப்படி இல்லை, காலடியில் மணலையே இழுத்துக்கொண்டு போகிறது. முதல் பத்து நாளும் நுரை அலையில் குப்புறப் படுத்தபடி கரைக்கு வந்ததுதான் என் சர்ஃபிங். பதினோராவது நாள் எழுந்து நின்றேன், மூன்று விநாடி இருக்கலாம். பலகைக்குக் கீழே தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடுவது உள்ளங்காலில் தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மாவிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

ஐந்து மாதம் சர்ஃபிங் பள்ளியின் மென்பலகையில் (மேலே மெத்தென்று இருக்கும் பயிற்சிப் பலகை) பழகிய பிறகு எனக்கென்று ஒன்று செய்ய ஆரம்பித்தேன். உள்ளே கூடு, மேலே மரம். நடுவில் 6 மி.மீ. ப்ளைவுட்டில் ஒரு முதுகெலும்பு, ஓர் அடிக்கு ஒன்று வீதம் விலா எலும்புகள், மேலும் கீழும் 6 மி.மீ. மலைவேம்புப் பட்டைகள், அதன்மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணியும் எப்பாக்ஸியும். நீளம் 9 அடி 2 அங்குலம், அகலம் 23 அங்குலம், நடுவில் தடிமன் 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. எடை 11 கிலோ 600 கிராம். மூன்றரை மாதம் ஆயிற்று.

ஆறு நாள் ஓட்டினேன். ஏழாம் நாள் தப்பு செய்தேன். மே மாத மதிய வெயிலில் கார் கூரையில் கட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், காற்றுத் திருகைத் (கூட்டுக்குள் சூடாகி விரியும் காற்று வெளியேற வைத்த திருகு) திறந்துவிட மறந்து. திரும்பி வந்து பார்த்தால் இடது விளிம்பில் ஒன்றேகால் அடிக்கு ஒட்டு பிளந்திருக்கிறது.

என் சந்தேகங்கள்: இந்தப் பிளவைச் சரிசெய்தால் நிற்குமா? அடுத்ததில் எடையை எங்கே குறைப்பது? இன்னொன்று, அலை கொஞ்சம் செங்குத்தாக வந்தால் மூக்கு தண்ணீருக்குள் குத்திவிடுகிறது. நான் நிற்கும் இடம் தப்பா, பலகையின் வளைவு தப்பா?

குப்பத்து_அலை

ஐயா, வணக்கம். நான் கோவளம் பக்கத்துக் குப்பம்தான். அப்பா மீன்பிடி, நான் இப்போது சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 11 கிலோ மரம் அலையில் புரண்டு வந்து தலையில் பட்டால் மென்பலகை மாதிரி விட்டுவிடாது. கூட்டம் இருக்கும் இடத்தில் இதை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். கால் கயிறு இல்லாமலும் இறங்காதீர்கள். விழும்போது பலகைக்கும் கரைக்கும் நடுவில் நீங்கள் இருக்கக் கூடாது. விழுந்த பிறகு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். ஐந்து மாதம் மென்பலகையில் பழகியது சரியான முடிவு. இன்னும் வாரத்தில் பாதி நாள் அதிலேயே போங்கள்.

வெயில் விஷயத்துக்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப்போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனத்துவிடும், மறுநாள் அலை தாண்டாது. "மரத்துக்கு மூச்சு விட நேரம் குடுக்கணும்" என்றார். உங்கள் காற்றுத் திருகும் அதற்குத்தானே?

நாங்கள் சின்ன வயதில் பிரித்துப்போட்ட கட்டுமரத்தின் ஓரத்துண்டிலும் உடைந்த பலகையிலும்தான் அலையில் படுத்து வருவோம். சர்ஃபிங் என்று அதற்குப் பேர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் கட்டுமரம் வேகமாகக் குறைந்து ஃபைபர் படகு வந்துவிட்டது. இப்போதுள்ள பிள்ளைகள் கட்டுமரம் ஓட்டிப் பார்த்ததே இல்லை. அதனால் நீங்கள் மரத்தில் செய்கிறீர்கள் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ரெசின்_கை

புதுச்சேரியில் ஃபைபர் படகு வேலை செய்பவன். பிளவு நிற்கும். ஆனால் அவசரப்பட்டால் நிற்காது.

உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசிக் கவிழ்த்துவிடுங்கள். திருகைத் திறந்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் குறைந்தது ஒரு வாரம் காய வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பிளவின் இரண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டி வெறும் மரம் தெரியும்படி செய்யுங்கள். எப்பாக்ஸியில் மெல்லிய மரத்தூள் கலந்து தேன் பதத்தை விடக் கெட்டியாக்கி உள்ளே திணித்துக் கிளாம்ப் போடுங்கள். மேலே இரண்டு அங்குல அகலக் கண்ணாடியிழை நாடா.

இப்போது முக்கியமான விஷயம். எப்பாக்ஸியைக் காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், சூடு இறங்கும்போது பூசினால் மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதிப் பேர் பலகை கெட்டுப்போவது இதனால்தான். கலக்கியதை ஆழமான டப்பாவில் அப்படியே வைத்திருந்தால் கொதித்துப் புகையும், அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். எப்பாக்ஸி ஒரு முறை தோலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால் ஆயுசுக்கும் ஒவ்வாது. என் கூட வேலை பார்த்தவர் இதனாலேயே தொழிலை விட்டார்.

எடைக்கு: மலைவேம்பு கன மீட்டருக்கு சுமார் 400 கிலோ. பௌலோனியா கிடைத்தால் 300-க்குள் வரும், மரப் போர்டு செய்கிறவர்கள் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள், உப்புத் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். கிடைக்காவிட்டால் மலைவேம்பிலேயே பட்டையை 5 மி.மீ. ஆக்குங்கள். அதிலேயே ஒரு கிலோ போய்விடும்.

நேர்கோடு

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன். கடையில் நல்ல ஃபோம் போர்டு கிடைக்கிறது, எடை பாதி, செய்த நேரத்தில் நூறு முறை கடலுக்குப் போயிருக்கலாம். எனக்கு 52 வயது, நானும் கற்றுக்கொள்ள நினைக்கிறேன். இந்த வயதில் மிச்சமிருக்கும் நேரத்தைக் கடலில் செலவிடுவதா, பட்டறையிலா?

திருவான்மியூர்_அக்கா

நேர்கோடு தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. பலகை செய்வதைப் பற்றி எனக்குத் தெரியாது. நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு 54. 51-இல் ஆரம்பித்தேன். அதற்கு முன் ஒரு வருடம் நீச்சல் குளத்திலேயே போயிற்று, நீச்சலே தெரியாது எனக்கு. அந்த வருடத்தை வீணான வருடமென்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தண்ணீரில் மூச்சை அடக்கி, பயப்படாமல் கண் திறந்து பார்க்கப் பழகியதே அப்போதுதான்.

50-க்கு மேல் உடம்புக்கு வேறு கணக்கு. அலை பிடிப்பதை விடத் துழாவிக்கொண்டு உள்ளே போவதில்தான் தோள் போகும். நான் தினமும் வீட்டில் தரையில் குப்புறப் படுத்து எழுந்து நிற்கும் பயிற்சியைப் பத்து முறை செய்கிறேன், அவசரமே இல்லாமல். முழங்கால் ஊன்றி எழுந்தால் தப்பு என்பார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் அப்படித்தான் எழ முடிந்தது, அப்படியே எழுந்தேன். இரண்டு நாள் கடல், ஒரு நாள் ஓய்வு. காலை ஆறு மணிக்கு இறங்கினால் எட்டரைக்குள் வெளியே வந்துவிடுவேன், கடற்காற்று எழும்பி அலை கலைவதற்குள்.

பெண்கள் யாராவது வாசித்தால்: முழுக்கை ரேஷ் கார்டு, நீளமான லெக்கிங்ஸ் போதும், கடற்கரையில் யார் பார்க்கிறார்கள் என்ற கவலை மூன்றாவது நாளே போய்விடும். எனக்குப் போயிற்று. போனது அந்தக் கவலை மட்டுமில்லை, அதை இங்கே எழுதினால் நீண்டுவிடும்.

சிட்னி_யாழ்

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், இப்ப சிட்னியில் இருக்கிறேன். 46 வயதில் சர்ஃபிங் தொடங்கினேன், ஊருக்கு வரும்போதெல்லாம் அறுகம்பேக்கும் போவேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கு நல்ல காலம்.

நேர்கோடு கேட்டதற்கு நான் ஒரு பலகையைக் காட்ட விரும்புகிறேன். இங்கு ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் உயிர்காப்புக் கழகத்தில் ஒரு பழைய மரப்பலகை இருக்கிறது. ஹவாயின் டியூக் கஹனமோக்கு 1914-இல் நீச்சல் வீரராக இங்கு வந்தார். ஏற்கெனவே ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பலகை கொண்டுவரவில்லை. இங்குள்ள மரக்கடையில் சுகர் பைன் மரம் வாங்கி, தானே செதுக்கி, டிசம்பர் 24 அன்று ஃப்ரெஷ்வாட்டரில் அலையில் ஓட்டிக் காட்டினார். 1915-இல் இசபெல் லெத்தம் என்ற உள்ளூர்ச் சிறுமியையும் அதே பலகையில் தனக்கு முன்னால் நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் யோசிப்பது ஒன்றுதான்: அந்த மனிதருக்கு ஊர் புதிது, மரம் புதிது, ஆனால் கைக்குப் பலகையின் உருவம் தெரிந்திருந்தது.

ஹவாயில் பலகைக்கு மரம் வெட்டும் முன் அடிமரத்தில் சிவப்பு மீன் ஒன்றைப் படைத்து வேண்டிக்கொள்வார்கள் என்று பழைய குறிப்புகளில் இருக்கிறது. முடித்த பலகைக்குக் குக்குய் கொட்டை எண்ணெய் பூசுவார்கள். ஓட்டிய பிறகு வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள். குப்பத்து_அலை தம்பியின் அப்பா கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னதை வாசித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணை செய்திருக்கும் கூடு வைத்த பலகைக்கும் ஒரு கதை உண்டு. டாம் பிளேக் என்ற அமெரிக்கர் ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தின் பழைய ஹவாய்ப் பலகைகளைச் செப்பனிட்டவர். அவற்றின் நீளத்தைப் பார்த்து அதே போலச் செய்யப் போனார், எடை தாங்கவில்லை. பலகையில் நூற்றுக்கணக்கான துளை போட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, மேலே மெல்லிய மரத்தால் மூடினார். பிறகு விலா எலும்பு வைத்த கூடாக மாற்றி 1932-இல் காப்புரிமை பெற்றார். 1935-இல் பலகையின் அடியில் முதலில் துடுப்புச்சிறகு பொருத்தியவரும் அவரே.

பேட்டர்ன்காரன்_கோவை

எல்லோருக்கும் நன்றி. ரெசின்_கை தம்பி சொன்னபடியே கவிழ்த்து வைத்திருக்கிறேன், அரை டம்ளர் தண்ணீர் வந்தது. முதல் பூச்சு நான் காலையில்தான் போட்டேன். கொப்புளங்களுக்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

நேர்கோடு கேட்டதற்கு என் பதில். 31 வருடமும் என் வேலை மணலுக்குள் போய்விடும். பேட்டர்னை மணலில் அழுத்தி எடுத்துவிட்டு அந்தக் குழியில் இரும்பை ஊற்றுவார்கள். பம்ப் ஓடும், தண்ணீர் வரும், நான் செய்த மரம் ஏதோ ஒரு ரேக்கில் கிடக்கும். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் நான் செதுக்கிய வளைவின் மேல் தண்ணீர் ஓடுவதை ஒருநாளும் நான் உணர்ந்ததில்லை. இந்தப் பலகையில் ஆறு நாள் நின்றேன். வலது விளிம்பில் ஓரிடத்தில் நான் உப்புத்தாள் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன், அரை மில்லிமீட்டர் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பும்போது அது காலுக்குத் தெரிகிறது. கடையில் வாங்கிய பலகையில் அது எனக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் ஏன் என்று தெரியாது.

நீங்கள் 52-இல் ஆரம்பிப்பதென்றால் கடலுக்கே போங்கள், மென்பலகையில். மரத்தில் செய்ய வேண்டுமென்று கை கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

மூக்கு குத்துவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

குப்பத்து_அலை

அதைப் பார்க்காமல் சொல்ல முடியாது ஐயா. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், பிளந்தபடியே இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவும் பார்க்க வேண்டும் என்கிறார்.

பேட்டர்ன்காரன்_கோவை

ஞாயிறு போய் வந்தேன். இன்றே எழுதிவிட வேண்டும்.

தம்பியின் அப்பாவுக்கு 71 வயது. பலகையை மணலில் மல்லாத்தி வைக்கச் சொன்னார். தூரத்தில் நின்று ஒரு முறை, பக்கவாட்டில் குனிந்து கண்ணை மண்மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு முறை பார்த்தார். அப்புறம் மூக்கிலிருந்து நடுவரை உள்ளங்கையை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். பட்டறையில் என் குரு வார்ப்பைச் சரிபார்ப்பது அதே மாதிரிதான். "அணியம் பத்தலை. ஒரு விரக்கடை தூக்கணும். தூக்குறதை நுனியில தூக்காத, முழங்கை நீளத்துக்கு முன்னாடியே தொடங்கு" என்றார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். கட்டுமரத்தில் நடுமரத்தின் முன்பக்கம் அப்படித்தான் வளைந்திருக்கும், அது இல்லாவிட்டால் கரையோர அலையைத் தாண்டும்போது முன்பக்கம் முழுகிவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். என் பலகையின் மூக்கு உயர்வு மூன்றேகால் அங்குலம். இந்த நீளத்துக்கு நாலு அங்குலத்தை ஒட்டி வைப்பதுதான் பரவலான வழக்கம் என்று அப்புறம் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு விரக்கடை என்பது முக்கால் அங்குலம். சர்ஃப் போர்டு செய்தே பார்க்காத ஒருவர் உள்ளங்கையால் சொன்ன அளவு இது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு ஆதங்கமும் இருக்கிறது. துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் தொலைவில் நிற்கும், இடையில் இருக்கும் அலையைத் தாண்டியவர்கள் மசூலா என்ற, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும்தான். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார்களாம். கட்டுமரம் என்ற சொல்லை உலகமே எடுத்துக்கொண்டு இரட்டை உடல் படகுக்கு வைத்துவிட்டது. அந்த அணியத்தின் அளவு மட்டும் 71 வயதுக்காரரின் உள்ளங்கையில் இருக்கிறது, எங்கேயும் வரைபடமாக இல்லை. எனக்கு வரையத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து அவர் சொல்லச் சொல்ல அட்டையில் வெட்டி எடுக்கப் போகிறேன், நடுமரம், பக்கமரம் எல்லாவற்றுக்கும்.

சிட்னி_யாழ்

அண்ணை, அதைக் கட்டாயம் செய்யுங்கோ. அளவோடு, எந்த மரம் என்பதையும் எழுதுங்கோ. ஹவாயில் அலாயா என்ற சிறகில்லாத மெல்லிய பலகை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பலகைகளைப் பார்த்துத்தான் இங்கு ஆஸ்திரேலியாவில் டாம் வெக்னர் பௌலோனியாவில் திரும்பச் செய்தார். பலகை மிஞ்சியிருந்ததால் முடிந்தது.

நேர்கோடு

இன்று கோவளத்தில் முதல் வகுப்பு முடித்தேன். நிற்கவில்லை. நாளை மறுநாள் திரும்பப் போகிறேன். திருவான்மியூர்_அக்காவுக்கு நன்றி, நேற்று இரவு தரையில் பத்து முறை எழுந்து பழகினேன்.

திருவான்மியூர்_அக்கா

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நாளை ஓய்வு, அதை மறக்க வேண்டாம்.

பேட்டர்ன்காரன்_கோவை

பிளவை அடைத்து நாலு நாள் ஆகிறது, கிளாம்ப் எடுத்துவிட்டேன், கெட்டியாக நிற்கிறது. காற்றுத் திருகைப் பித்தளையாக மாற்றி, அதன் சிவப்பு நாடாவைக் கார் சாவியோடு கட்டியிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. தம்பியின் அப்பா வீட்டுக்குப் பின்னால் பழைய கட்டுமரத்தின் பக்கமரம் ஒன்று கூரைக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. இருபது வருடமாகக் காய்ந்த மரம், தட்டினால் மணிச்சத்தம். அதற்குப் பதிலாக நான் ஒரு சவுக்குக் கம்பம் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏழடிக்கு ஒரு பலகை வரும், உள்ளே கூடு வேண்டாம், அப்படியே ஒரே மரமாக. மேல்பக்கத்தை அவருடைய வாச்சியால் அவரே இறக்குகிறேன் என்கிறார். இழைப்புளி என்னுடையது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆரம்பிக்கிறோம். ரெசின்_கை தம்பி, முடிந்தால் வாருங்கள், பழைய மரத்தில் உப்பு ஊறியிருந்தால் எண்ணெய் பிடிக்குமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரெசின்_கை

புதுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன் ஐயா. நான் வரும்வரை மேல்தோலைச் செதுக்க வேண்டாம், ஒரு துண்டு வெட்டி எடை பார்க்க வேண்டும்.